‘எக்ஸாமுக்கு வருமா?’

மார்பில் கட்டியோடு ஒரு அம்மா. வயது ஐம்பத்திரண்டு. காலை ஒன்பதரைக்குள் ஆறு மாணவர்கள் அவவைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் திரை இழுத்து, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எல்லாம் முறைப்படிதான். ஆறாவது பிள்ளை சட்டை போட உதவி செய்துகொண்டு நிற்கும்போது அவ கேட்டா: “எல்லாரும் வந்து வந்து பாக்கிறியள். இது அதுதானோ பிள்ளை?”

“பெரிய டொக்டர் வருவார், அவரிட்டக் கேளுங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வெளியே வந்தது. வெளியே கேள்விகள். கட்டி எத்தனை சென்ரிமீற்றர்? ஐந்துக்கு மேலே என்றால் எந்த நிலை? தோல் தோடம்பழத் தோல் மாதிரி இருந்தால்? எல்லாவற்றுக்கும் சரியான மறுமொழி. “குட்” என்றார் சேர். லொக் புக்கில் கையெழுத்து விழுந்தது.

அந்த அம்மா என்ன கேட்டா, நீ என்ன சொன்னாய் என்று வெளியில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. லொக் புக்கில் அதற்கு ஒரு கோடும் இல்லை. கையைச் சூடாக்கினதற்கு மார்க் இருந்தது.

அந்தப் பிள்ளை எங்களில் ஒருத்தி. இதை எழுதுகிற எங்களில் இரண்டு பேர் மருத்துவ பீடத்தில் படிக்கிறவர்கள், ஒருவர் இன்ரேர்ண்ஷிப்பை இப்போதுதான் முடித்தவர், இன்னொருவர் பெரியம்மாவோடு புற்றுநோய் விடுதியில் மாதக்கணக்கில் நின்றவர். எந்தப் பீடம், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால், “அது அங்கதான் அப்பிடி” என்று மற்ற இடமெல்லாம் கையைக் கழுவிவிடும்.

எங்கட வாதம் ஒன்றுதான். புற்றுநோய் விடுதியில் மாணவரை மதிப்பிடுகிற முறை, நோயாளி சொல்வதைக் கேட்காமல் இருக்க அவரைப் பழக்குகிறது. மாணவர் கெட்டவர் என்றோ, கொன்சல்டன்ட் கல்நெஞ்சர் என்றோ நாங்கள் சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் பிரச்சினை சின்னது.

முதலில் எங்களையே ஏசிவிடுகிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல்., இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா என்று ஓடி வந்த பிள்ளைகள் நாங்கள். எதைச் சொல்லித்தந்தாலும் எங்கட வாயில் வருகிற முதல் கேள்வி, “எக்ஸாமுக்கு வருமா?” வராது என்றால் பேனையை மூடிவிடுவோம். பீடத்துக்குள் வந்த பிறகும் அது மாறுவதில்லை, மாறுவதற்குக் காரணமும் இல்லை. இறுதிப் பரீட்சையின் தரவரிசைதான் இன்ரேர்ணாக எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. அரை மார்க்கில் ஒருவர் வீட்டுக்குப் பக்கத்திலும் இன்னொருவர் நாட்டின் மற்ற மூலையிலும் போய் நிற்பார். இப்படிப்பட்ட இடத்தில், “மார்க்கைப் பாக்காதேங்கோ பிள்ளையள், மனுசரைப் பாருங்கோ” என்று முதலாம் வருட வரவேற்பில் செய்கிற பிரசங்கத்துக்கு என்ன பெறுமதி? பரீட்சை எதைக் கேட்குதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பினம்.

பரீட்சை கேட்பது அறிகுறியை. ஈரல் வீக்கம், கழுத்தில் கழலை, நெஞ்சில் நீர், வாயில் ஆறாத புண். இலங்கையில் பெண்களில் முதலாவது மார்புப் புற்றுநோய், ஆண்களில் வாய்ப் புற்றுநோய். ஆகவே புற்றுநோய் விடுதி என்பது மாணவருக்கு அறிகுறிகளின் சந்தை. “பன்னிரண்டாம் கட்டிலில நல்ல கேஸ் ஒண்டு இருக்குது மச்சான்” என்று வட்சப்பில் செய்தி வரும். நல்ல கேஸ் என்றால் கையால் தொட்டுணரக்கூடிய பெரிய கட்டி. பின்னேரம் ஆறு பேர், இரவு நாலு பேர். நாங்களும் போனோம். அந்த வார்த்தையை நாங்களும் பாவித்தோம்.

பெரியம்மாவின் கதையை இங்கே சொல்லவேண்டும்.

அவவுக்கு இரண்டு வருடத்துக்கு முதல் மார்பில் ஒப்பரேஷன் நடந்தது. பிறகு ஏதோ காரணத்துக்காக விடுதியில் விட்டிருந்தார்கள். அப்போது மாணவர் குறூப் ஒன்று அங்கே இருந்தது. மூன்று பிள்ளைகள் மூன்று நாளில் அவவிடம் முழு வரலாறும் எடுத்தார்கள். மூன்று பேருக்கும் அவ சொன்னா: “நாரி நோகுது பிள்ளை. படுத்தா கூடுது. கால் ரெண்டும் கனக்குது, ஈயம் கட்டினமாதிரி.” ஒரு பிள்ளை அதை எழுதியும் வைத்திருந்தது. கட்டிலடியில் வாசிக்கும்போது, “சரி சரி, அது வயசுக்கு வாறது, எக்ஸாமினேஷனுக்கு வாரும்” என்று வாசிப்பு வெட்டப்பட்டது. மாணவர் தழும்பைக் காட்டினார்கள், அக்குளில் கழலை இல்லை என்றார்கள், கை வீங்கியிருப்பதற்கான காரணத்தைச் சொன்னார்கள். நாலாம் நாள் காலை பெரியம்மாவால் கட்டிலால் இறங்க முடியவில்லை. சலமும் போகவில்லை.

மருத்துவம் படித்தவர்களுக்கு இது என்ன என்று இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறோம். மார்பு, சுவாசப்பை, புரஸ்ரேற் போன்ற இடங்களின் புற்றுநோய் முள்ளந்தண்டு எலும்புக்குப் பரவி முண்ணாணை நெரிக்கலாம். முதலில் நாரி நோ, முதுகு நோ. படுத்தால் கூடும், இருமினால் கூடும். பிறகு கால் கனக்கும், விறைக்கும். கடைசியில் சலமும் மலமும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். உடனே ஸ்ரீரொயிட் கொடுத்து, ஸ்கான் எடுத்து, கதிர்ச்சிகிச்சையோ சத்திரசிகிச்சையோ செய்யவேண்டும். சிகிச்சை தொடங்கும்போது நடக்கக்கூடியவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். நடை போன பிறகு தொடங்கினால் அது திரும்பி வருவது அரிது. இதைக் கண்டுபிடிக்க முதலில் மெஷின் தேவையில்லை. ‘நாரி நோகுது, கால் கனக்குது’ என்ற நாலு சொல்லைக் காதில் போட்டால் போதும்.

அந்த மூன்று பிள்ளைகளிடமும் எழுத்துப் பரீட்சையில், “முண்ணாண் நெரிவின் அறிகுறிகளை எழுதுக” என்று கேட்டிருந்தால் மூவரும் முழுப் புள்ளி எடுத்திருப்பார்கள். எங்களுக்கு அதில் சந்தேகம் இல்லை. அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததும், முன்னால் இருந்த மனுசி சொன்னதும் ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை. சந்திக்கவேண்டிய இடத்தில் ஒருவரும் நின்று பார்க்கவுமில்லை.

1990 இல் ஜோர்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் இதை ஒரு கூம்பாக வரைந்து காட்டினார். அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘உண்மையாகவே செய்கிறார்’. எங்கட பரீட்சைகள் கூம்பின் அடியில் கூட்டம் போட்டு நிற்கின்றன. மூன்றாம் படிக்கு ஒஸ்கி இருக்கிறது. 1975 இல் டண்டீயில் ஹார்டனும் கூட்டாளிகளும் கொண்டுவந்தபோது அது நியாயமான முயற்சிதான். எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், பரீட்சகரின் முகத்தைப் பார்த்து மார்க் விழாது. ஆனால் புற்றுநோய்ச் செய்தி சொல்லுகிற ஸ்ரேஷனுக்குள் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. முன்னால் நோயாளியாக நடிக்கிற ஒருவர். சில நிமிடத்தில் மணி அடிக்கும். பரீட்சகர் கையில் பட்டியல். தன்னை அறிமுகம் செய்தாரா, சரி. மௌனம் காத்தாரா, சரி. பரிவு காட்டினாரா, சரி. நாங்கள் பரிவைப் பாடமாக்கிக்கொண்டு போனோம். ஐந்து செக்கன் மௌனம் என்று மனசுக்குள் எண்ணின ஆட்களும் எங்களில் உண்டு. சிரிக்க வேண்டாம், மார்க் கிடைத்தது.

அந்த ஸ்ரேஷனுக்கு நாங்கள் படிக்கிறது ஸ்பைக்ஸ் என்கிற ஆறு படிமுறை. 2000 ஆம் ஆண்டில் வந்தது. அதில் பிழை காண எங்களுக்கு ஒன்றுமில்லை. குறிப்பாக மூன்றாவது படி பொன்னானது: எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேள். ஆனால் அதை நாங்கள் இங்கிலீசில் படித்து, இங்கிலீசில் பாடமாக்கி, விடுதிக்குப் போய்த் தமிழில் வாய் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. “உங்களுடைய உணர்வுகளை நான் புரிந்துகொள்கிறேன்” என்று ஒரு வல்வெட்டித்துறை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கோ, தொலைக்காட்சி நாடகம் நடக்குது என்று நினைப்பா.

விடுதியில் உண்மையாக நடப்பது வேறு. மகன் கனடாவிலிருந்து போன் எடுப்பார்: “டொக்டர், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா.” மகள் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவா. அம்மாவுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று அவவும் நடிக்கிறா. நடுவில் நிற்பது இருபத்தாறு வயசு இன்ரேர்ண். குடும்பத்தோடு சண்டை பிடிக்கவும் கூடாது, நோயாளிக்குப் பொய் சொல்லவும் கூடாது. மகனின் பயத்தைக் கேட்டு ஆற்றி, அம்மாவிடம் தனியே போய், “நீங்கள் எவ்வளவு அறிய விரும்புறியள், ஆர் பக்கத்தில இருக்கவேணும்” என்று கேட்கவேண்டும். இதை யாரிடம் படித்தோம்? செய்யும்போது யார் பார்த்தார்கள்? பார்த்து, “இந்த இடத்தில அவசரப்பட்டிட்டீர்” என்று சொன்னது யார்?

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்களுக்குக் கோபம் கூட. நோவுக்கு எங்கட ஆட்களிடம் இருக்கிற சொல் வளம் சின்னதில்லை. குத்துது, உளையுது, எரியுது, விறைக்குது, கடுக்குது, சுள் எண்டு இழுக்குது, கறண்ட் அடிச்சமாதிரிக் கிடக்குது. இவை ஒவ்வொன்றும் மருத்துவத் தகவல். எரியிறது, கறண்ட் அடிக்கிறது என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மாணவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு ரிக்கற்றில் எழுதுவது ‘பெயின் பிளஸ்’. சிங்கள மாணவர்கள் தமிழ் விடுதியில் நிற்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் தெற்கில் இன்ரேர்ணாகப் போகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்தால் ‘பிளஸ்’ உம் மிஞ்சாது. இரண்டு மொழியிலும் நோவை விசாரிக்கத் தெரியுமா என்று இந்த நாட்டில் ஒரு மருத்துவ மாணவரைப் பரீட்சிக்காமல் வேறு எதைப் பரீட்சிப்பது?

மோர்பினுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே சொல்லிவிட்டது: முடிந்தவரை வாயால், நேரத்துக்கு நேரம், நோவின் அளவுக்கு ஏற்பப் படிப்படியாக. நோ வந்த பிறகு கொடுப்பதில்லை, வரமுதல் கொடுப்பது. சாதாரண வாய்வழி மோர்பின் என்றால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். இடையில் நோ கிளம்பினால் ஒரு நாள் அளவின் ஆறில் ஒரு பங்கு மேலதிகமாக. தொடங்குகிற அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து. நாங்கள் மருந்தியல் பரீட்சையில் மோர்பின் எந்த ஏற்பியில் போய் ஒட்டும் என்று எழுதியிருக்கிறோம். எங்களில் இன்ரேர்ண்ஷிப் முடித்தவர், முதல் தடவை மோர்பின் எழுதவேண்டி வந்த இரவு, பேனையோடு பத்து நிமிடம் நின்றாராம். கடைசியில் வழி காட்டினது இருபது வருடம் விடுதியில் நின்ற மிஸ்ஸி. “இப்பிடி எழுதுங்கோ டொக்டர், மற்ற மருந்தையும் போடுங்கோ, இல்லாட்டி நாளைக்கு வயித்தால போகாமல் கிடந்து கத்துவார்.” அந்த மிஸ்ஸிக்கு எந்த மாணவரையும் மதிப்பிட உரிமை இல்லை.

“புற்றுநோய் எல்லாம் விசேட வைத்தியரின்ர வேலை, எம்.பி.பி.எஸ். காரருக்கு இவ்வளவு தேவையில்லை” என்கிறவர்கள் இரவு வேலையை மறந்துவிட்டவர்கள். ஒரு வருட இன்ரேர்ண்ஷிப் ஆறு ஆறு மாதமாக மருத்துவம், சத்திரசிகிச்சை போன்ற பெரிய துறைகளில்தான். அங்கேதான் புற்றுநோயாளர் வந்து விழுகிறார்கள். கீமோ ஏற்றி ஒன்று, இரண்டு கிழமைக்குள் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும். அந்த நேரம் முப்பத்தெட்டுப் பாகைக் காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்து விடியட்டும் பார்ப்போம் என்று விடுகிற காய்ச்சல் இல்லை. இரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏறவேண்டும். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இரவு ஒரு மணிக்கு அந்தக் காய்ச்சலை முதலில் பார்ப்பது புற்றுநோய் நிபுணர் இல்லை.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து காசு சேர்த்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டடம் எழும்பினது அந்தக் காசால். மகரகமவுக்கு இரவு பஸ் ஏறின ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கட வீடுகளுக்குத் தெரியும். கட்டடத்துக்காக நாடு முழுக்க நடக்கத் தெரிந்த எங்களுக்கு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மாணவரோடு பதினைந்து நிமிடம் நிற்பதற்கு ஆள் இல்லை என்றால் அதை நம்பச் சொல்கிறீர்களா?

நேரம் இல்லை என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் மறுமொழி. அதில் உண்மை இருக்கிறது. கிளினிக் நாளில் கொன்சல்டன்ட் தலை நிமிர்த்த நேரமில்லாமல் இருப்பதைக் கண்டிருக்கிறோம். ஆனால் நேரம் எங்கே போகுது? பதினைந்து பேர் கட்டிலைச் சுற்றி ஒரு மணித்தியாலம் நின்று ஒருவர் பேச மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள், அது நேரமில்லையா? 1990களில் அமெரிக்காவில் நோர்சினி முதலானோர் கொண்டுவந்த ‘மினி செக்ஸ்’ முறை பதினைந்து, இருபது நிமிட விவகாரம். மாணவர் உண்மையான நோயாளியோடு உண்மையான ஒரு வேலையைச் செய்வார். ஒருவர் வாயை மூடிக்கொண்டு பார்ப்பார். முடிந்ததும் நல்லது இது, பிழைத்தது இது என்று அங்கேயே சொல்வார். ஒன்றை வைத்து ஆளைத் தீர்க்கமுடியாது. ஆகவே பல தடவை, பல பேர் பார்க்கவேண்டும். கொன்சல்டன்டே பார்க்கவேண்டும் என்றில்லை. ரெஜிஸ்ட்ரார் பார்க்கலாம், அந்த மிஸ்ஸி பார்க்கலாம்.

இரண்டாவது மறுமொழி இன்னும் மோசம். “அதெல்லாம் வீட்டில வளத்த வளப்பு சேர், மார்க் போடேலாது.” மாணவர் ஒருவர்தான் இதைச் சொன்னார், பட்சில் முதலாவது ஆள். வளர்ப்பு நல்லதென்றால் நாரி நோவைக் காதில் வாங்க வந்துவிடுமா? மோர்பின் அளவு வந்துவிடுமா? கேட்பது ஒரு தொழிற்திறன். தையல் போடுகிற மாதிரி. முதல் தடவை எல்லோரும் கோணலாகத்தான் போடுவோம், யாரும் பார்த்துத் திருத்தாவிட்டால் நூறாவதும் கோணல்தான்.

அதோடு லொக் புக்கை இப்படியே வைத்திருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இத்தனை கட்டி தொட்டேன், இத்தனை ஈரல் தொட்டேன் என்று நிரப்பி, அப்போயின்ட்மென்ட் முடிகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குகிற புத்தகம் அது. அதற்குப் பதிலாக ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. கீமோ அன்றும், கிளினிக் அன்றும், சம்மதித்தால் வீட்டிலும், மாதக்கணக்கில் கூடப் போகட்டும். ஆள் செத்தால் செத்தவீட்டுக்கும் போகட்டும். அதைப் பற்றி எழுதி, பேசி, கேள்விக்கு மறுமொழி சொல்லி மார்க் வாங்கட்டும். தரவரிசையில் அது எண்ணப்படவேண்டும். எண்ணப்படாவிட்டால் நாங்களே செய்யமாட்டோம், எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

அந்தப் புத்தகத்தில் நோயாளிக்கும் ஒரு பக்கம் வேணும். “இந்தப் பிள்ளை நீங்கள் சொன்னதைக் கேட்டதா?” ஒரே கேள்வி. எழுதத் தெரியாதவரிடம் வாயால் கேட்கலாம். சனத்துக்கு மருத்துவம் தெரியாது, எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டுவிடுங்கள் என்பார்கள் என்று சொல்கிறவர்கள், சனத்தோடு கனக்கப் பேசினதில்லை.

பெரியம்மா அதற்குப் பிறகு நடக்கவில்லை. வீட்டில், விறாந்தைக் கட்டிலில், நாலு மாதம் இருந்தா. வந்து போகிறவர்களிடம் ஆஸ்பத்திரிக் கதை சொல்லும்போது அந்த மூன்று பிள்ளைகளின் பெயரும் சொல்லுவா. ஒரு பெடியனுக்குக் கை நடுங்கினது, ஒரு பிள்ளை சாப்பிடாமல் வந்தது, அதுக்குத் தான் பிஸ்கட் குடுத்தது எல்லாம் ஞாபகம் இருந்தது. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, கோபம் எங்களுக்குத்தான். “மூண்டு பேருக்கும் நான் ஒரு கிழமை பாடம் எடுத்தனான்” என்று சொல்லுவா. “நடுவில வந்த பிள்ளைதான் நாரி நோவை எழுதினது. அதுக்கு மட்டும் பாஸ் குடுக்கலாம்.”